இரண்டாவது மைக்

பிப்ரவரி 3

அக்காவுக்கு,

நான் நலம். உடம்புக்கு ஒன்றும் இல்லை, மனசுதான் கொதிக்கிறது. நீ சாப்பிட்டாயா, தூங்கினாயா என்பதையெல்லாம் கடைசியில் கேட்கிறேன். முதலில் என் கோபத்தைக் கேள்.

நேற்று சனிக்கிழமை. வழக்கம்போல் சந்தைக் கட்டடத்து முன்வாசலில் கிட்டாரோடு உட்கார்ந்தேன். மூன்றாவது பாட்டு பாதியில் இருக்கும்போது ஜூஸ் கடைக்காரர் மிக்ஸியைப் போட்டார். அவருக்கு என்று நேரம் வரும் பார், நான் மெதுவாகப் பாடுகிற இடத்தில்தான் அவருக்கு அன்னாசி அரைக்கத் தோன்றும். கண்ணை மூடிப் பாடிவிட்டுத் திறந்து பார்த்தால், எதிரில் நின்ற பெண்மணி பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அதோடு விட்டதா? சந்தை மேனேஜர் வந்து நின்றார்.

"என்னம்மா, வாய் அசையுது, சத்தமே வரலையே! நீங்க ரெண்டு பேரும் பாடுனப்போ கேட் வரைக்கும் கேட்டுச்சு. இப்படியே போனா இந்த இடத்தை வேற ஆளுக்குத்தான் குடுக்கணும்."

எனக்கு எப்படி இருந்திருக்கும்? ஏழு வருஷமாக மழையிலும் வெயிலிலும் நாம் பாடிப் பிடித்த இடம். ஆனால் அந்த மனுஷன் சொன்னது பொய்யில்லை. கேட் வரைக்கும் போனது உன் குரல். என் குரல் பக்கத்து பெஞ்சைத் தாண்டாது.

அதனால் ஒரு ஆம்ப்ளிஃபயர் வாங்கப் போகிறேன். அங்கே பிளக் பாயிண்ட் கிடையாது, பேட்டரியில் ஓட வேண்டும். கையில் தூக்குகிற மாதிரி இருக்க வேண்டும். கிட்டாருக்கு ஒன்று, எனக்கு ஒரு மைக், உனக்கு ஒரு மைக், ஆக வயரைச் செருக மூன்று இன்புட் வேண்டும். எது நல்லது என்று நீ கேட்டுச் சொல். உன் காதைத்தான் நம்புவேன்.

ஆறு மாத வேலை என்று போனாய். இது எட்டாவது மாதம். எப்போது வருகிறாய்? போன் அடித்தால் கட் பண்ணிவிட்டு "ஆபீஸில் இருக்கிறேன், கடிதம் எழுது" என்று செய்தி அனுப்புகிறாய். இந்தக் காலத்தில் அக்காவுக்குத் தபால்தலை ஒட்டுகிறவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

சரி, இப்போது கேட்கிறேன். சாப்பிட்டாயா, தூங்கினாயா?

உன்
வாலு


பிப்ரவரி 14

வாலுக்கு,

சாப்பிட்டேன், தூங்கினேன். நீ குளிர்ந்த தண்ணீர் குடிப்பதை நிறுத்து, சனிக்கிழமைக்கு முந்தின நாளாவது.

அச்சகத்தில் வேலை அதிகம். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கிற சீட்டுகள் இருக்கிறதே, அதில் பிழை பார்ப்பதுதான் நாள் முழுக்க. "உணவுக்கு முன்" என்பது "உணவுக்குப் பின்" என்று ஆகிவிட்டால் யாருடைய வயிறோ கெடும். சாயங்காலம் ஆனால் கண்ணுக்குள் எறும்பு ஊர்கிறது. செல்போன் பார்க்கவே பிடிக்கவில்லை. கடிதம் என்றால் தேவலாம். அதுவும் இல்லாமல், நீ எழுதித் திட்டினால்தான் கொஞ்சமாவது யோசித்துத் திட்டுகிறாய்.

ஆம்ப்ளிஃபயர் விஷயம். எலெக்ட்ரிக் கிட்டாருக்கு என்று செய்ததை வாங்கிவிடாதே. உன் கிட்டார் மரத்தில் பேசுகிறது, அதில் போட்டால் மூக்கால் பேசும். அக்கூஸ்டிக் கிட்டாருக்கு என்றே தனியாக இருக்கிறது, அதைக் கேள். பேட்டரி எட்டு மணி நேரம் வரும் என்று அட்டையில் போட்டிருந்தால் நம்பாதே. சத்தத்தைப் பாதியில் வைத்து ஓட்டிய கணக்கு அது. எடை குறைவாக எடு. பஸ் ஸ்டாப்பிலிருந்து சந்தை வரைக்கும் நீ ஒருத்திதான் தூக்க வேண்டும்.

இரண்டு இன்புட் உள்ளதே போதும். கிட்டாருக்கு ஒன்று, மைக்குக்கு ஒன்று.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


பிப்ரவரி 22

அக்காவுக்கு,

நலம் விசாரிக்கிற நிலைமையில் நான் இல்லை.

இரண்டு போதுமா? யாருக்குப் போதும்? நான் மூன்று என்று எழுதினேன். மருந்துச் சீட்டில் ஒரு புள்ளி விட்டுப் போனாலும் கண்டுபிடிக்கிற உனக்கு என் கடிதத்தில் இருந்த "மூன்று" கண்ணில் படவில்லையா? "நீ ஒருத்திதான் தூக்க வேண்டும்" என்று வேறு எழுதியிருக்கிறாய். ஏன் ஒருத்தி? ஒரு கைப்பிடியை நீ பிடித்தால் என்ன, கை தேய்ந்துவிடுமா?

எப்போது வருகிறாய் என்று கேட்டேன். அதற்குப் பதில் குளிர்ந்த தண்ணீரா? காதில் பூச்சுற்றாதே அக்கா. வரப் போகிறாயா, வரப் போவதில்லையா? ஒரு வார்த்தை எழுது. அதற்குத் தகுந்த பெட்டியை வாங்கிக்கொள்கிறேன்.

வாலு


மார்ச் 20

வாலுக்கு,

பதில் தாமதம். தப்புதான். உடம்பு ஒன்றும் இல்லை, வேலைதான்.

நான் போகிற வழியில் இசைக் கருவி விற்கிற கடை ஒன்று இருக்கிறது. கண்ணாடி வழியாகப் பார்த்தால் இந்தப் பெட்டிகள் வரிசையாக இருக்கின்றன. ஒரு நாள் உள்ளே போய் உனக்காகக் கேட்டுப் பார்க்கிறேன்.

மற்றதெல்லாம் பிறகு பேசிக்கொள்ளலாம். இப்போதைக்கு உனக்கு என்ன தேவையோ அதை மட்டும் யோசி.

அக்கா


ஏப்ரல் 1

அக்காவுக்கு,

நான் நலம் என்று எழுதினால் அது பொய். முந்தாநாள் சனிக்கிழமை என் மானம் போனது.

நீ ஒரு மாதமாக வாயைத் திறக்கவில்லை. பொறுத்துப் பார்த்தேன், பிறகு கூட்டங்களில் அறிவிப்புச் செய்கிறவரிடம் ஒரு ஸ்பீக்கர் பெட்டியை இரவல் வாங்கினேன். சந்தை முன்னால் வைத்து கிட்டாரைச் செருகினேன். தகர டப்பாவில் ஆணியைப் போட்டுக் குலுக்கின மாதிரி ஒரு சத்தம். நான் பாட ஆரம்பித்ததும் மைக் வீல் என்று கத்தியது. குழந்தைகள் காதைப் பொத்திக்கொண்டு அழுதன. ஜூஸ் கடைக்காரர் மிக்ஸியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார் அக்கா. அவர்! என்னை! "கொஞ்சம் சத்தத்தைக் கொறைங்கம்மா, வியாபாரம் பாக்க வேண்டாமா?" என்று கேட்டார்.

மேனேஜர் கெடு வைத்துவிட்டார். மே மாதம் முடிவதற்குள் ஒழுங்காகக் கேட்கிற மாதிரி செய்யாவிட்டால் இடம் கிடையாது. மேஜிக் செய்கிறவர் ஒருவர் அந்த இடத்துக்குக் காத்துக்கொண்டிருக்கிறாராம்.

நீ கூட இருந்திருந்தால் இரண்டு வார்த்தையில் அந்த மேனேஜரைச் சிரிக்க வைத்து அனுப்பியிருப்பாய். எனக்குக் கோபப்பட மட்டும்தான் தெரிகிறது. கடைக்குப் போனாயா இல்லையா?

வாலு


ஏப்ரல் 12

வாலுக்கு,

நலமா? தொண்டை எப்படி இருக்கிறது? கோபத்தில் கத்திக் கத்திக் கெடுத்துக்கொள்ளாதே.

கடைக்குப் போனேன். இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்துக் கேட்டேன். நடு விரலை மடக்கி வாசிக்கிற உன் வழியில்தான் வாசித்தேன், அப்போதுதானே உனக்குப் பொருந்துமா என்று தெரியும்.

முதலாவது சாம்பல் நிறம், சின்னது. தோளில் மாட்டிக்கொள்ளலாம். மேல் தந்திகள் சுத்தமாகக் கேட்கின்றன. கீழ்த் தந்தியை அடித்தால் கொஞ்சம் மெலிந்துவிடுகிறது. இரண்டு இன்புட்.

இரண்டாவது கறுப்பு, பெரியது. அப்பா, என்ன சத்தம் அது! கட்டைவிரலால் கீழ்த் தந்தியைத் தொட்டேன், கால் வைத்திருந்த பலகை வரைக்கும் வந்தது. விரல் தந்தியில் வழுக்குகிற சின்னச் சத்தம்கூடக் கேட்டது. கண்ணை மூடினால் நீயே பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கிற மாதிரி இருந்தது. பின்பக்கம் ஒரு பொத்தான் வைத்திருக்கிறார்கள், வீல் என்று கத்தத் தொடங்கினால் அதை அழுத்தினால் அடங்கிவிடும். மூன்று இன்புட். ஆனால் கனம்.

மைக் பக்கத்தை நான் சோதித்துப் பார்க்கவில்லை. விற்பனை செய்கிறவர் நன்றாக இருக்கும் என்றார்.

சாம்பல் நிறத்தையே வாங்கு. கடை அட்டையை உள்ளே வைத்திருக்கிறேன், போனில் சொன்னால் அனுப்பி வைப்பார்கள்.

அக்கா


ஏப்ரல் 19

அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் பல் டாக்டரின் வரவேற்பு மேஜையில் வைத்துப் படித்தேன். படித்து முடித்ததும் நான் எழுந்து நின்ற வேகத்தில், முறைக்குக் காத்திருந்தவர் தன் பெயரைத்தான் கூப்பிடுகிறேன் என்று உள்ளே போய்விட்டார்.

மைக்கைச் சோதிக்கவில்லையா? நீயா? கல்யாண மண்டபத்தில் யாரோ வைத்துவிட்டுப் போன மைக்கைப் பார்த்தாலும் எடுத்து ஒரு வரி பாடிப் பார்க்காமல் நகரமாட்டாயே. அப்படிப்பட்டவள் ஆம்ப்ளிஃபயர் கடைக்குப் போய், தந்தி தந்தியாக வாசித்துவிட்டு, மைக்கைத் தொடாமல் வந்தேன் என்கிறாய். யாரோ சொன்னதை நம்பிவிட்டாயாம்!

எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. நீ அங்கே வேறு யாரோடோ பாடுகிறாய். நல்ல மேடை, நல்ல மைக், நல்ல கூட்டம். ஜூஸ் மிக்ஸி இல்லாத இடம். தங்கச்சியிடம் சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான் "இரண்டு போதும், சாம்பல் நிறத்தை வாங்கு" என்று மழுப்புகிறாய். மகராசியாக இரு. ஆனால் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம்.

நாள் முழுக்க மற்றவர்கள் வாயைத் திறக்க வைக்கிற இடத்தில் வேலை பார்க்கிறேன். உன் வாயைத் திறக்க வைக்கத்தான் என்னால் முடியவில்லை.

வாலு


ஏப்ரல் 24

அக்கா,

உன் பதிலுக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லை. அட்டையில் இருந்த நம்பருக்கு இன்று போன் செய்தேன். பெட்டியைப் பற்றிக் கேட்கத்தான் செய்தேன், சத்தியமாக. கிட்டாரில் ரொம்ப நேரம் வாசித்துப் பார்த்த ஒரு பெண்மணி என்றதும் அந்த விற்பனையாளருக்கு உடனே ஞாபகம் வந்துவிட்டது.

"ஓ, அவங்களா! அருமையா வாசிச்சாங்க. மைக்கை நீட்டுனேன், வேணாம்னு தலையை ஆட்டிட்டாங்க. அவங்களுக்குத்தான் குரல் வராதே, காத்துதானே வருது. கழுத்துல தையல் போட்ட தழும்புகூட இருந்துச்சு. ஏங்க, உங்க அக்கான்னு சொல்றீங்க, உங்களுக்குத் தெரியாதா?"

உங்களுக்குத் தெரியாதா என்று கேட்டான். முன்பின் தெரியாத ஒருவன் என்னிடம் கேட்டான். நான் என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும்? தெரியும் என்று பொய் சொல்லிவிட்டு போனை வைத்தேன்.

இத்தனை மாதம்! போனை எடுக்காததற்குக் காரணம் அதுதானா? அச்சகம், கண்ணுக்குள் எறும்பு, எழுதினால் யோசித்துத் திட்டுவேன் என்று எத்தனை கதை! நானும் ஒரு மடச்சி, ஒவ்வொரு தபாலிலும் "வாயைத் திறக்கவில்லை", "வாய் வரவில்லை" என்று எழுதி அனுப்பியிருக்கிறேன். அதையெல்லாம் நீ உட்கார்ந்து படித்திருக்கிறாய். அதற்குத்தான் உன்னை மன்னிக்கவே மாட்டேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் அப்படி எழுதியிருப்பேனா? என்னை இவ்வளவு கேவலமானவளாக ஆக்கிவிட்டாயே.

கத்தி வைக்கும்போது பக்கத்தில் யார் இருந்தார்கள்? யார் கையெழுத்துப் போட்டார்கள்? கண் விழித்தபோது யாரைத் தேடினாய்? உடனே எழுது. பூசி மெழுகினால் அடுத்த ரயிலில் வந்து நிற்பேன்.

வாலு


மே 6

வாலுக்கு,

வராதே. முதலில் இதைப் படி.

கழுத்தில் கட்டி இருந்தது. கெட்ட கட்டி இல்லை, பயப்படாதே. எடுத்தாக வேண்டும் என்றார்கள். நல்ல ஆஸ்பத்திரி இந்த ஊரில் இருந்தது, அச்சக வேலையும் இந்த ஊரில் கிடைத்தது. வேலை பொய்யில்லை. கையெழுத்தை நானே போட்டேன். கட்டி போனது, குரலுக்கு ஓடுகிற நரம்பும் அதோடு கெட்டது. தானாகச் சரியாகலாம், ஆகாமலும் போகலாம் என்றார் டாக்டர். "ஆகலாம்" என்பதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சரியான பிறகு உன் முன்னால் வந்து நின்று, பாடிக்காட்டி, அதன் பிறகு சொல்லலாம் என்று இருந்தேன். மார்ச் மாதம்தான் இனிமேல் பழையபடி வராது என்று முடிவாகச் சொன்னார். அப்போது உன் மூன்று இன்புட் கடிதம் என் மேஜை மேல் கிடந்தது. அதற்கு நான் என்னத்தை எழுதுவேன்?

நீ மட்டும்தான் கோபப்படப் பிறந்தவளா? எனக்கும் வருகிறது. குரல் போனதும் காதும் போய்விட்டது என்று எல்லோரும் முடிவு செய்துவிட்டார்கள். அச்சகத்து முதலாளி என் காதோரம் வந்து எழுத்து எழுத்தாகக் கத்துகிறார். வீட்டுக்காரம்மா கையை ஆட்டி ஆட்டிப் பேசுகிறாள். கடையில் நான் கேட்பது காதில் விழாமல் பின்னால் நிற்பவரைக் கவனிக்கிறார்கள். ஒரு நாள் பஸ்ஸில் ஒருவன் என் காலை மிதித்துக்கொண்டே நின்றான், "காலை எடு" என்றேன், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வாலு, எனக்குப் பாட முடியாதது பெரிய வருத்தம்தான். ஆனால் ஒருவனைத் திட்ட முடியவில்லையே, அதற்குத்தான் வயிறு எரிகிறது. நான் பேசினால் பத்துப் பேர் சிரிப்பார்கள், இருபது பேர் நிற்பார்கள். இப்போது அறையில் நான் இருக்கிறேனா இல்லையா என்றே யாருக்கும் தெரிவதில்லை.

நீ வந்தால் என்னைக் கட்டிக்கொண்டு அழுவாய். உனக்குச் சமாதானம் சொல்ல வேண்டியிருக்கும். எந்தக் குரலில் சொல்வேன்?

கண் விழித்தபோது உன்னைத்தான் தேடினேன்.

சாம்பல் நிறத்தை வாங்கு. அந்த இடத்தை விட்டுவிடாதே.

அக்கா


மே 13

அக்காவுக்கு,

அழுது முடித்துவிட்டேன். நீ சமாதானம் சொல்ல ஒன்றும் பாக்கி இல்லை.

கறுப்பை வாங்கிவிட்டேன். மூன்று இன்புட். அதே விற்பனையாளரிடம் போன் செய்து, மைக் ஒன்றும் சேர்த்து, உன் அறை விலாசத்துக்கு அனுப்பச் சொல்லிவிட்டேன். திருப்பி அனுப்பினால் மறுபடியும் அனுப்புவேன், அப்படியே இருவரும் சாகிற வரைக்கும் அனுப்பிக்கொண்டே இருக்கலாம்.

பாட முடியாது என்றால் பாட வேண்டாம். பாட்டை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ மைக்கில் பேசு. ஏழு வருஷத்தில் பாதிப் பேர் என் கிட்டாரைக் கேட்கவா நின்றார்கள்? பாட்டுக்கு நடுவில் நீ பேசின பேச்சுக்கு நின்றார்கள். காற்றுதான் வருகிறது என்றான் அந்த விற்பனையாளர். வரட்டும். காற்றைப் பெரிசாக்கத்தானே அந்தப் பெட்டியைச் செய்து விற்கிறார்கள்? கிட்டாரில் உன் விரல் வழுக்கினதுகூடக் கேட்டது என்று எழுதினாயே, உன் மூச்சு மட்டும் கேட்காதா? சோதித்துப் பார்க்காமல் கேட்காது என்று நீயாக எப்படி முடிவு செய்தாய்?

மேனேஜரிடம் போய் நின்றேன். "ஜூன் முதல் சனிக்கிழமை வரைக்கும் அந்த இடத்தைத் தொடாதீங்க. தொட்டா இங்கேயே உக்காந்து கத்துவேன்" என்றேன். "நீங்க ஏற்கெனவே கத்திக்கிட்டுத்தானேம்மா இருக்கீங்க" என்றார். இருந்தாலும் சரி என்று சொல்லிவிட்டார்.

பெட்டியைத் திற. மைக்கை வாயோடு ஒட்டி வை. மே மாதம் முடிவதற்குள் எனக்குப் பதில் வர வேண்டும்.

வாலு


மே 26

வாலுக்கு,

உடம்பு நலம். மனசைப் பற்றிக் கேட்காதே, எழுதினால் தாள் போதாது.

யாரைக் கேட்டுப் பெட்டியை அனுப்பினாய்? கூலிக்காரர் மாடிப்படி ஏறிக் கொண்டுவந்து வைத்துவிட்டு என்னைத்தான் முறைத்தார். அறையில் கால் வைக்க இடமில்லை. கட்டிலுக்கும் மேஜைக்கும் நடுவில் அதைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். ஒரு வாரம் திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் திருப்பி அனுப்பலாம் என்று உட்கார்ந்து அதோடு வந்த விளக்கத் தாளைப் படித்தேன். நாலு பிழை. அந்தக் கோபத்தில்தான் திறந்தேன்.

மைக்கைச் செருகினேன். என்ன பேசுவது என்று தெரியவில்லை. "வாலு" என்று சொல்லிப் பார்த்தேன். ஒன்றும் கேட்கவில்லை. சத்தத்தைக் கூட்டினேன், வீல் என்று கத்தியது. பின்பக்கப் பொத்தானை அழுத்தினேன், அடங்கியது. வாயோடு ஒட்டி வைத்து மறுபடியும் சொன்னேன்.

சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. கரகரவென்று, பாதிக் காற்று, பாதி நான். அழகான குரல் இல்லை. அது என் பழைய குரலே இல்லை. ஆனால் கேட்டது.

அதற்குப் பிறகு என்னை யாராலும் நிறுத்த முடியவில்லை. உன்னைத்தான் திட்டினேன். கேட்காமல் பெட்டி அனுப்பினதற்கு, கடைக்காரனிடம் துப்பு விசாரித்ததற்கு, என்னைப் பற்றி என்னென்னவோ கற்பனை செய்துகொண்டு மகராசியாக இரு என்று எழுதினதற்கு. பிறகு முதலாளியைத் திட்டினேன். பஸ்ஸில் காலை மிதித்தவனைத் திட்டினேன், அவனுக்கு மட்டும் தனியாக நிறைய வைத்திருந்தேன். டாக்டரையும் விடவில்லை. இத்தனை மாதத்துத் திட்டும் உள்ளேயே கிடந்திருக்கிறது. முகமெல்லாம் நனைந்துவிட்டது, நான் துடைக்கவில்லை.

கதவு இடிபட்டது. திறந்தால் வீட்டுக்காரம்மா. மத்தியானத் தூக்கம் கெட்ட முகம். கையை ஆட்ட மறந்துவிட்டாள். எல்லோரிடமும் பேசுகிற மாதிரி சாதாரணமாக எரிந்து விழுந்தாள்.

"என்னம்மா இது, வீடே இடிஞ்சு விழற மாதிரி! தூங்க வேண்டாமா மனுஷங்க? யாரோட இப்படிச் சண்டை போடுறீங்க?"

மைக் இன்னும் என் கையில்தான் இருந்தது. அதிலேயே பதில் சொன்னேன்.

"என் தங்கச்சியோட."

தெருவில் போன ஒருவர் நிமிர்ந்து பார்த்தார்.

வெள்ளிக்கிழமை ரயிலில் பெட்டியோடு வருகிறேன். ஸ்டேஷனுக்கு வந்து நில். என்னிடம் கத்திப் பேசினாயோ, இறங்காமல் அப்படியே போய்விடுவேன்.

உன்
அக்கா